பூச்சிக் குளிசை கொடுத்தும் புழு போகவில்லையா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி: லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு, கைவிடப்பட்ட நாய் பூனைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மாதம் தவறாமல் பூச்சிக் குளிசை கொடுக்கிறேன். அப்படியும் குட்டிகளுக்கு வயிறு ஊதுகிறது, கழிச்சல் நிற்கவில்லை. ஒரு பூனையின் வாலடியில் அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. அளவைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். குளிசை அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மண்ணில் கிடப்பதை அது ஒன்றும் செய்யாது. உங்கள் தொல்லை அங்கேதான். மழையும் மூடுபனியுமாக ஈரம் காயாத நிழல் தரை கொக்கிப்புழுவுக்கு வாய்ப்பான இடம். மலத்தோடு விழும் அதன் முட்டை பொரித்து, ஒரு கிழமைக்குள் தோலைத் துளைத்து ஏறும் பருவத்துக்கு வந்துவிடும். வட்டப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர 2 கிழமையாவது வேண்டும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. ப்ளீச்சை நம்பாதீர்கள், வட்டப்புழு முட்டை அதற்கெல்லாம் சாகாது. சிமெந்துத் தரையென்றால் தேய்த்துக் கழுவிக் கொதிநீர் ஊற்றுங்கள். மண் தரையென்றால் வெயில் படும் பக்கமாகக் கொட்டகையை மாற்ற முடியுமா பாருங்கள். பிள்ளைகளை அங்கே வெறுங்காலோடு விடவே வேண்டாம். 1911இல் இலங்கைப் புனுகுப் பூனையொன்றில் கண்டு விவரிக்கப்பட்ட கொக்கிப்புழு இனம் நாய், பூனை, மனிதர் மூவரின் குடலிலும் வாழும்.

அடுத்து, குட்டிகள். நாய்க்குட்டிக்கு வட்டப்புழு தாய் வயிற்றிலேயே தொற்றிவிடும், கொக்கிப்புழு பாலோடு வரும். மாதம் ஒரு தடவை எப்படிப் போதும்? நாய்க்குட்டிக்கு 2 கிழமை வயதிலும் பூனைக்குட்டிக்கு 3 கிழமை வயதிலும் தொடங்கி, பால் மறக்கும் வரை 2 கிழமைக்கு ஒரு தடவை கொடுங்கள், தாய்க்கும் சேர்த்து. அளவு எடையைப் பொறுத்தது: பைரன்டெல் என்ற பூச்சி மருந்தென்றால் நாய்க்குட்டிக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். கண்மதிப்பு வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். (கொழுந்துத் தராசு இதற்கு உதவாது!) மனிதருக்கான அல்பெண்டசோலைக் கொடுக்காதீர்கள், நாய் பூனைகளின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கக்கூடியது.

அந்த அரிசி, நாடாப்புழுவின் துண்டு. பைரன்டெலுக்கு அது மசியாது, பிரசிகுவாண்டெல் என்ற மருந்து வேண்டும். தெள்ளு இருக்கும் வரை அதுவும் திரும்ப வரும், ஏனென்றால் பூனை உடம்பை நக்கும்போது விழுங்கும் தெள்ளுக்குள்தான் இளம்புழு இருக்கிறது. அதற்காக, நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள், உயிரே போகும்.

இவ்வளவுக்கும் பிறகு கழிச்சல் நிற்கவில்லையென்றால் அது புழுவாக இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணிகளான கொக்சிடியாவாகவோ ஜியார்டியாவாகவோ இருக்கலாம். கொக்சிடியாவுக்குப் பூச்சிக் குளிசையால் பலனில்லை. புதிய மலத்தைச் சிறு போத்தலில் எடுத்து மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். குட்டியின் ஈறு வெளிறியிருந்தாலோ மலம் கறுத்துத் தார் மாதிரி போனாலோ மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள். கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்தே சின்னக் குட்டியைக் கொன்றுவிடும்.