பீரோவைத் தின்னும் காற்று

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மதுரையை அடுத்த திருமங்கலம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். குடித்தனம் வைத்த புதிதில் மதுரையில் பழைய சாமான் கடை ஒன்றில் 3,500 ரூபாய்க்கு இரும்பு பீரோ வாங்கி வந்தார்களாம். பத்து மாதத்தில் அடித்தகடு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. இனி அவருடைய கேள்விகள்: “இந்த ஊரில் பழைய பொருள் வாங்குவதென்றால் எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது? பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. மீன்பிடித் தடைக்காலம் வருகிறது, இரண்டு மாதச் சமையலை எப்படித் தள்ளுவது? வீட்டில் மாமியாரின் பழைய நூல் சேலைகள் ஒரு மூட்டை, கிழிந்த வலை ஒரு மூட்டை, ஒரு பித்தளை அண்டா கிடக்கின்றன. அண்டாவை எடைக்குப் போட்டுவிடலாமா?”

பீரோவிலிருந்து தொடங்குகிறேன். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அதே பீரோ திருமங்கலத்தில் நின்றிருந்தால் உங்கள் பேத்தி கல்யாணம் வரை தாங்கியிருக்கும். இங்கே காற்றே உப்பு. அந்த உப்பு தகட்டில் படிந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. சுத்தமான சமையல் உப்பு கசிய வேண்டுமானால் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கும். ஆகவே உச்சி வெயிலில் வீடு காய்ந்து கிடப்பதாக நீங்கள் நினைக்கும்போதும் பீரோவின் அடி நனைந்தே நிற்கிறது. 1914-இல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று இது. உங்கள் பீரோ எம்மாத்திரம்.

அடித்தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போனால் பீரோவை மறந்துவிடுங்கள். போகவில்லையென்றால் காப்பாற்றலாம். துருவின் மேலேயே பெயின்ட் அடிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அடியில் உப்பு இருந்தால் ஒரே மாதத்தில் அந்தப் பெயின்ட் கொப்பளித்துக் கிளம்பும். முதலில் உப்பை எடுக்க வேண்டும். பீரோவை வெளியே இழுத்துச் சாய்த்துப் போட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மூன்று நான்கு முறை துடையுங்கள். போர் தண்ணீரில் துடைத்தால் உப்பை எடுத்து உப்பைப் பூசிய கதைதான். பிறகு கம்பிப் பிரஷ், அதற்குப் பின் உப்புத்தாள். (பெயரில் மட்டுந்தான் உப்பு. இந்த ஊரில் நமக்கு உதவுகிற ஒரே உப்பு அதுதான்.) மறுபடி ஒரு துடைப்பு, நல்ல வெயிலில் ஒரு மணி நேரம். சூடு ஆறியதும், மாலைக்காற்று எழும் முன்பே ரெட் ஆக்சைடு பிரைமரை ஒரு கை அடித்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு கை. அது நன்றாகக் காய்ந்த பிறகு எனாமல் பெயின்ட். அடிப்பாகத்துக்கும் கால்களுக்கும் அரை லிட்டர் பிரைமர் தாராளம். கால்களின் அடியில் கட்டை கொடுத்து, கடல் பக்கச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை ஈரத்துணி, உடனே உலர்துணி. அவ்வளவுதான் பராமரிப்பு.

இனி வாங்குவதைப் பற்றி. உள்ளூரில் ‘உப்பு இதை என்ன செய்யும்?’ என்ற ஒரு கேள்வி போதும். மரம் தாங்கும். பழைய தேக்கு, வேம்பு, வேங்கை, வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் எல்லாமே இங்கே தகரத்தைவிட நீண்ட நாள் இருக்கும். வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். கால் அடியில் மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் உளுத்துவிட்டது. விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்கக்கூடாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரிகள் பார்க்கப் புதிதாக இருக்கும், விலையும் மலிவு. ஐப்பசி மழையில் அப்பளம் போல உப்பிவிடும். பித்தளை, வெண்கலம், மண்பானை, அம்மி, ஆட்டுக்கல் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆட்டுக்கல்லை இப்போது தூக்கிப் போகிறவருக்குச் சும்மாவே கொடுக்கிறார்கள். எவர்சில்வர் வாங்கப் போகும்போது ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள். காந்தம் நன்றாக ஒட்டுகிற பாத்திரத்தில் இந்தக் காற்றுக்குச் சீக்கிரம் துருப்புள்ளி விழும்.

கேஸ் அடுப்பு பழையது வாங்கலாம். டியூபும் ரெகுலேட்டரும் பழையது கூடவே கூடாது. குக்கர் வாங்கினால் கேஸ்கட்டையும் பாதுகாப்பு வால்வையும் அன்றைக்கே மாற்றுங்கள். ரசாயனம் வந்த பிளாஸ்டிக் டிரம்மில் எத்தனை முறை கழுவினாலும் குடிநீர் பிடிக்காதீர்கள்.

பிரிட்ஜ் விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன். மண்டபம் ஊருக்கு மாற்றலாகி வந்த வருடம், இடம் மாறிப் போகிற ஒரு குடும்பத்திடம் ஒரு பழைய பிரிட்ஜ் வாங்கினேன். கதவைத் திறந்து பார்த்தேன், உள்ளே பளிச்சென்று இருந்தது. பின்பக்கம் குனிந்து பார்க்கவில்லை. கம்ப்ரசர் உட்கார்ந்திருந்த தட்டும் அதையொட்டிய குழாயும் துருவேறிக் கிடந்திருக்கின்றன. நான்காம் மாதம் குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் போய்விட்டது. மனையியல் பாடம் நடத்துகிறவள் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அதனால் சொல்கிறேன்: முதலில் பின்பக்கம், அடிப்பக்கம், அப்புறம்தான் உள்பக்கம். கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது என்று பொருள்.

உடைத்த படகின் பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று இங்கே பலரும் கேட்பார்கள். கோழிக்கூண்டு அடிக்கலாம், கொல்லையில் பெஞ்சு போடலாம். துணி வைக்கும் அலமாரிக்கு வேண்டாம். பல வருடம் கடல்நீர் குடித்த பலகை எப்போதும் ஈரம் விட்டுக்கொண்டே இருக்கும், ஆணியும் உள்ளேயே துருப்பிடிக்கும். அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். உப்பும் பெயின்டும் சேர்ந்து எரிகிற அந்தப் புகை நஞ்சு.

பருப்பு வேகாததற்குக் காரணம் தண்ணீர். கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. குளிக்க, துவைக்க எந்தத் தண்ணீரோ இருக்கட்டும், பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணீர் போடுங்கள். ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இன்னும் நல்லது. பருப்பு வெந்து குழையும் முன் தக்காளியோ புளியோ சேர்க்காதீர்கள், புளிப்பும் அதே வேலையைச் செய்யும். இந்த மூன்றையும் ஒரு மாதம் செய்துவிட்டுச் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரையிலிருந்து விழும் மழைநீரை, முதல் மழையை ஓடவிட்டுவிட்டு, துணி கட்டிப் பிடித்து வைத்தால் பருப்புக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. கொதிக்கவைத்துச் சமைப்பதற்கு மட்டும்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தை நம்பி மளிகைக் கடையில் கணக்கு ஏற்றாதீர்கள். கைக்கு வருகிற நாளில் அது ஏற்கெனவே செலவான பணமாகியிருக்கும். தை, மாசியிலிருந்தே தயாராக வேண்டும். அறுவடை நேரத்தில் ஆர்.எஸ்.மங்கலம், முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து முண்டு மிளகாய் வரும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் மாவட்டத்து மிளகாய். வருடத்துக்கு வேண்டியதை அப்போதே வாங்கிவிடுங்கள். முண்டு தடித்த தோல், உள்ளே ஈரம் நிற்கும். குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போடும்வரை காயவைத்து, காம்போடு மூட்டை கட்டுங்கள். அரைத்து வைப்பது மூன்று மாதத்துக்கு மட்டும்.

கருவாடும் அப்படியே. வலை நிறையக் காரலும் நெத்திலியும் சாளையும் வருகிற நாளில் பச்சையாக வாங்கி நீங்களே காயவைத்தால் பாதிச் செலவு. மணலில் பரப்பாதீர்கள். இங்கேதான் உங்கள் கிழிந்த வலை உதவுகிறது. நான்கு கம்பு நட்டு இடுப்பு உயரத்தில் வலையை இழுத்துக் கட்டினால் அடியிலிருந்தும் காற்று படும், மண் ஒட்டாது. இன்னொரு வலையை மேலே விரித்தால் காக்கை அண்டாது. மிச்ச வலையில் பீர்க்குக்கும் பாகலுக்கும் பந்தல் போடுங்கள். தரையோடு தரையாக மட்டும் தொங்கவிடாதீர்கள், ஓணானும் பாம்பும் மாட்டிக்கொண்டு கிடக்கும். வெயிலில் நைந்து பொடியத் தொடங்கியதும் கழற்றிக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள். கொளுத்தவும் வேண்டாம், கடலில் விடவும் வேண்டாம்.

கடையில் கருவாடு வாங்கினால் இளஞ்சிவப்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் அது கெட்டது, எத்தனை மலிவானாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வெயில் காட்டி, பனையோலைப் பெட்டியில் காற்றோட்டமாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துப்போகும்.

தடைக்காலத்தில்தான் மாங்காயும் முருங்கைக்காயும் மலிந்து கிடக்கும். இரண்டையும் கருவாட்டோடு சேர்க்கிற குழம்பு எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை. நான்கு பேருக்கு நூறு கிராம் காரல் கருவாடு போதும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தலையைக் கிள்ளி, மூன்று தண்ணீரில் அலசுங்கள். மண்சட்டியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய், கால் கரண்டி வெந்தயம். வெந்தயம் சிவந்து கருகுவதற்குள் பதினைந்து சின்ன வெங்காயத்தையும் பத்துப் பல் பூண்டையும் போட்டுவிட வேண்டும். கருகினால் குழம்பு முழுதும் கசக்கும். கறிவேப்பிலை, ஒரு தக்காளி, ஒன்றரைக் கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு கரண்டி மல்லித்தூள், மஞ்சள். புளி நெல்லிக்காய் அளவுதான், மாங்காய் இருக்கிறது அல்லவா. முருங்கைக்காய் முக்கால் வேக்காடு வந்ததும் மாங்காய்த் துண்டும் கருவாடும் சேர்த்துப் பத்து நிமிடம். கடைசியில் ருசி பார்த்துவிட்டுத்தான் உப்பு. பெரும்பாலும் வேண்டியிருக்காது. மறுநாள் காலை பழைய சோற்றுக்கு இந்தக் குழம்பைச் சுண்டவைத்துக் கொடுத்துப் பாருங்கள், கடலுக்குப் போகாத மனிதர்கூட நேரத்தோடு எழுந்து உட்காருவார்.

சேலை மூட்டைக்கு ஒரு யோசனை. இந்த ஊரில் ஒவ்வொரு காலோடும் ஒரு பிடி மணல் வீட்டுக்குள் வருகிறது, கடையில் வாங்கும் மிதியடியில் அது அடைத்துக்கொண்டு போகவே போகாது. நூல் சேலையை நீளவாக்கில் நான்கு விரல் அகலத்துக்குக் கிழியுங்கள். கத்தரி வேண்டாம், ஓரத்தில் ஒரு வெட்டுக் கொடுத்து இழுத்தால் நேராக வரும். மூன்று பட்டையைச் சேர்த்து முடிந்து, சடை பின்னுவது போலப் பின்னிக்கொண்டே போங்கள். தீர்கிற இடத்தில் அடுத்த பட்டையைத் தைத்து இணையுங்கள், முடிச்சுப் போட்டால் காலை உறுத்தும். பிறகு பின்னலைத் தரையில் வைத்து நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று நைலான் நூலால் தையுங்கள். கையில் பிடித்தபடி தைத்தால் கிண்ணம் மாதிரி குழிந்துகொள்ளும், தரையில் வைத்தே தைக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஒரு பெரிய மிதியடி. காலையில் எடுத்துப் படியில் இரண்டு தட்டு தட்டினால் மணல் முழுதும் கொட்டிவிடும். கிழிந்து பொடிந்த சேலையென்றால் பின்ன வேண்டாம், கரித்துணியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அண்டாவுக்கு வருகிறேன். எடைக்குப் போட்டால் பழைய உலோக விலைதான் தருவார்கள், அதே அளவில் புதிது வாங்கப் போனால் பல மடங்கு ஆகும். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினால் தங்கம் மாதிரி மின்னும். உள்ளே வெள்ளீயப் பூச்சு போயிருந்தால் பூசுகிறவரிடம் கொடுத்துப் பூசாமல் அதில் சமைக்காதீர்கள், புளிப்பு எதுவும் ஊற்றிவைக்காதீர்கள். வெந்நீர் போட அப்படியே பயன்படும். அதற்கும் மேல் பணமுடை வந்து விற்கத்தான் வேண்டுமென்றால், துலக்கும்போது வாய் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். எப்படியும் ஒரு பெயர் வெட்டியிருக்கும். அது மாமியாருடைய தாயாரின் பெயராக இருந்தால், பாத்திரக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.