காரைத் தாழ்த்தினால் மலை வளைவில் சாயாதா?

கேள்வி: என்னிடம் 2018 மாடல் மாருதி ஸ்விஃப்ட் இருக்கிறது. 90,000 கி.மீ. ஓடிவிட்டது. மனைவியின் வீடு ஏற்காட்டில் இருப்பதால் வாராவாரம் குடும்பத்தோடு மலையேறுகிறோம். வளைவுகளில் வண்டி மிகவும் சாய்ந்து ஆடுகிறது. பின்னால் உட்காரும் என் அம்மாவுக்கு வாந்தியே வந்துவிடுகிறது. 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால் சாய்வது நின்றுவிடும், ஷாக் அப்சார்பர் பழையதே போதும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். 3,000 ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டார். மாட்டலாமா? சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: மாட்ட வேண்டாம், தம்பி. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு அவர் விற்கும் பொருள் மருந்து அல்ல.

வளைவில் வண்டி எவ்வளவு சாயும் என்பது ஸ்பிரிங்கையும், இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரையும் பொறுத்தது. எவ்வளவு வேகமாகச் சாயும், சாய்ந்தபின் எத்தனை முறை ஆடி அடங்கும் என்பது ஷாக் அப்சார்பரின் கையில் இருக்கிறது. அம்மாவின் வயிற்றைக் கலக்குவது இந்த இரண்டாவது ஆட்டம். ஷாக்குகளை 80,000 கி.மீ. வாக்கில் சோதித்துப் பார்ப்பது வழக்கம். உங்கள் வண்டி அதையும் தாண்டிவிட்டது. அதிலும் வாராவாரம் மலைச்சாலையில். ஷாக்கின் உடம்பில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா, டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடுகளையும் ரப்பர் புஷ்களையும் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கடைக்காரர் இதில் ஒன்றையாவது பார்த்தாரா? பார்த்திருந்தால் கேள்வியில் எழுதியிருப்பீர்கள்.

அவர் ஏன் ஸ்பிரிங்கை மட்டும் விற்கிறார் என்பதற்குக் காரணம் எளிது. வண்டி தாழ்ந்தது கண்ணுக்குத் தெரியும். நண்பர்கள் பார்த்துப் பாராட்டுவார்கள். புது ஷாக் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. தெரியாத பொருளுக்கு வாடிக்கையாளர் பணம் தரமாட்டார் என்பது அவர் கணக்கு.

சரி, பழைய ஷாக்கோடு குட்டை ஸ்பிரிங் மாட்டினால் என்ன ஆகும்? ஷாக்கின் தண்டு மேலும் கீழும் ஓட ஓர் அளவு இருக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது, கீழே அமுங்குவதற்கு இன்னும் 80 மி.மீ. மிச்சம் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் 40 மி.மீ. தாழ்த்தினால் பாதி அப்போதே போய்விட்டது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் இன்னும் ஒரு பங்கு போகும். மிஞ்சும் சொற்ப இடத்தை வைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிறீர்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் வரும். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் போகும். இரண்டும் சேர்ந்து முன்பக்க வெளிச் சக்கரத்தின் மேல் விழும். அந்த நேரத்தில் ஒரு பள்ளம் வந்தால் ஷாக் அடிவரை அமுங்கி பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும். அந்த நொடியில் உங்கள் சஸ்பென்ஷன் ஒரு ரப்பர் கட்டை, அவ்வளவுதான். டயரின் பிடி குறைந்து, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராக வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். ஏற்காட்டுச் சாலையில் இப்படி 20 கொண்டை ஊசி வளைவுகள். மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாக இறங்கினாலும் எடையின் கணக்கு மாறாது.

'தாழ்ந்தால் சாயாது' என்பதும் அரை உண்மைதான். எடையின் மையம் கீழே வருவது நிஜம். ஆனால் உங்கள் காரின் முன்பக்கத்தில் இருப்பது போன்ற ஸ்ட்ரட் அமைப்பில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருப்பது), தாழ்த்தும்போது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் கோணம் மாறிவிடும். எந்தப் புள்ளியைச் சுற்றி உடல் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடையின் மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடலாம். அப்போது சாய்க்கும் நெம்புகோலின் நீளம் கூடும். ஸ்பிரிங் கடினமாக இருப்பதால் அது வெளியே தெரியாமல் போகலாம். தாழ்த்தியதால் கிடைத்த லாபம் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவான டோவும் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயரின் உள்விளிம்பு சீக்கிரமே தேய்ந்து கம்பி தெரியும்.

இதைவிட மோசமான ஒரு கூட்டம் இருக்கிறது. புது ஸ்பிரிங்கே வேண்டாம், இருப்பதையே இரண்டு சுற்று வெட்டித் தருகிறேன் என்பார்கள். சிலர் கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்குவார்கள். ஸ்பிரிங்கின் உயிர் அதற்குக் கொடுத்த பதத்தில் இருக்கிறது. சூடு பட்டால் பதம் போய்விடும். இரும்பாலை இருக்கும் ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே! உங்கள் வண்டியின் பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. உடலுக்கும் அச்சுக்கும் நடுவே ஸ்பிரிங் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. வெட்டிய ஸ்பிரிங் குட்டையாக இருப்பதால், சக்கரம் தொங்கும்போது தான் உட்கார்ந்த இடத்தில் தளர்ந்து நகரும்; கழன்று விழவும் கூடும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தொங்குவது சாதாரணம். வெட்டுபவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

'இம்போர்ட் பொருள்' என்று சொல்பவரிடம் ஸ்பிரிங்கில் அச்சிட்ட பாக எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஜெர்மன் சான்றிதழ் ஜெர்மனியின் சாலைக்குத்தான். நம் ஊரில் அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. இன்னொன்று, பழைய ஸ்பிரிங்கை அவர்களிடம் விட்டுவராதீர்கள். 'குப்பைதானே, நாங்களே போட்டுவிடுகிறோம்' என்பார்கள். அது குப்பைக்குப் போகாது, இன்னொருவர் வண்டிக்குப் போகும். நாளைக்கு வண்டியை விற்கவோ, 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கவோ பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால், நீங்கள் மறுபடியும் கடை கடையாக அலைய வேண்டும்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைத்து ஒரே செட்டாக வருபவை உண்டு. விலையைக் கேட்டால் நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

நான் மனதார ஒப்புக்கொள்ளும் விலக்கு ஒன்றே ஒன்று. அது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு வருபவர்கள் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவுக்கென வடிவமைத்த சில கார்களை இங்கே விற்கும்போது, நம் சாலைகளுக்காக நிறுவனமே உயரத்தைக் கூட்டியிருக்கும். அப்படிப்பட்ட காரில், அதே நிறுவனம் அதே மாடலுக்கு வெளிநாட்டில் போடும் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் சேர்த்து மாட்டினால், வண்டி அதன் வடிவமைப்பாளர் நினைத்த உயரத்துக்குத் திரும்பும். கோணங்கள் கெடாது. ஆனால் மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடக் கனம், ஏ.சி., கியர்பாக்ஸ் வகை என்று ஒவ்வொன்றுக்கும் முன் அச்சின் எடை மாறும். அதற்கேற்ப நிறுவனமே பல ஸ்பிரிங்குகளைச் செய்து, வண்ணக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கும். கோடு மாறினால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். ஸ்ட்ரட்டின் விட்டம் சரிபார்க்க வேண்டும்; லிங்க் ராட் மாட்டும் காது அதே இடத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே செட்டாக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் வாங்கி மாட்டுவது விலக்குக்குள் வராது. இவ்வளவும் பொருந்தினால் செய்யலாம். பொருந்துகிறது என்பதற்குப் பாக எண்ணே சாட்சி; மெக்கானிக்கின் சத்தியம் சாட்சி ஆகாது.

எந்த வழியில் தாழ்த்தினாலும் வேகத்தடை இருக்கிறதே! இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவு என்ன? வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். உங்கள் ஸ்விஃப்ட்டின் இரு அச்சுகளுக்கு இடையே 2.45 மீட்டர். இப்படிப்பட்ட வேகத்தடையின் மேல் வண்டி ஏறி நின்றால், அடிவயிற்றில் சுமார் 45 மி.மீ. இடைவெளியைத்தான் அது விழுங்கும். ஏனென்றால் சக்கரங்களும் அதே மேட்டின் மேல் ஏறி நிற்கும். நம் தெருவில் இரண்டு சட்டி கலவையைக் கொட்டிச் செய்யும் வேகத்தடை அரை மீட்டர் அகலம்கூட இராது. அதைத் தாண்டும்போது முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம்; 15 செ.மீ. உயரம் இருந்தால் 15 செ.மீ.யும் அடிவயிற்றுக்கே. ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. அதில் 40 போனால் 123, அதுவும் ஆள் ஏறுவதற்கு முன்பு. இந்த மேட்டைப் போட்டவரை யாரும் அளவு கேட்பதில்லை. காரைத் தாழ்த்தியவரை மட்டும் சோதனைச் சாவடியில் நிறுத்தி அளவு கேட்பார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கமாகவே படித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்.சி.யில் வண்டியின் தரை இடைவெளி என்று ஒரு கட்டமே கிடையாது. ஆகவே ஸ்பிரிங் விஷயத்தில் எதிரே நிற்கும் அதிகாரியின் பார்வைதான் சட்டம் என்றாகிவிடுகிறது. மக்களுக்குப் புரியும்படி 'இது கூடும், இது கூடாது' என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? அது இல்லாததால்தான் 'நான் எழுதி வாங்கித் தருகிறேன்' என்று ஒரு தரகர் முளைக்கிறார். அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீங்களே எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, எழுத்துப்பூர்வமான பதில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாற்றிவிட்டு விபத்து நடந்தால், உங்கள் வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு மறுக்க அதுவே அவர்களுக்குப் போதும்.

இப்போது செய்ய வேண்டியது: நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர் நான்கு, முன்பக்க மேல் மவுண்ட்கள், பம்ப் ஸ்டாப்கள், தளர்ந்திருந்தால் லிங்க் ராடுகள். ஸ்பிரிங்கில் விரிசலோ துருவோ இல்லாவிட்டால் அதையே திரும்பப் போடலாம். லோயர் ஆர்மைக் கழற்றினால், அதன் ரப்பர் புஷ் போல்ட்களை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவைத்தே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பல பட்டறைகள் அப்படித்தான் செய்கின்றன, பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு வீல் அலைன்மென்ட். அம்மா உடன் வரும் நாளில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள்.

முன்பணத்தை வெளிப்படையாகத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் சண்டை வேண்டாம்; அந்த 3,000 ரூபாயை ஷாக் அப்சார்பரின் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லி, பாக எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். பில் தர மறுத்தால் அவரிடம் வாங்கவே வேண்டாம்.