ரைகிராஸா, விண்டர் ரையா? விதைப் பை வாங்குமுன் சில கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் கடை வாசலில் புல் விதை மூட்டைகள் வந்து இறங்கிவிடும். அதனால் இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விதை வாங்கியவர்களுடையவை. இடம் கருதி எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் காய்கறிப் பாத்தியை வெறுமனே விடாமல் ரை விதைக்கச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். கடையில் "ரை" என்று கேட்டேன், ரைகிராஸ் பையைக் கொடுத்தார்கள். அக்டோபர் 20-ல் தூவினேன். பாதி முளைக்கவில்லை. முளைத்த பாதி ஏப்ரலில் பிடுங்கப் பிடுங்க வருகிறது. விதை மோசமா? — ஹில்ஸ்பரோ, நியூ ஜெர்சி

விதையில் குற்றமில்லை தம்பி. நீங்கள் வாங்கியது வேறு செடி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது விண்டர் ரை. சில பைகளில் சீரியல் ரை என்று இருக்கும். ரொட்டி சுடுகிறார்களே, அந்தத் தானியம். ரைகிராஸ் என்பது புல்தரைக்கும் மேய்ச்சலுக்கும் போடும் புல். பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் வருஷா வருஷம் யாராவது ஒருவர் மாற்றி வாங்கிவிடுகிறார்.

அடுத்த முறை கையில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். விண்டர் ரை ஒல்லியான கோதுமை மாதிரி, சாம்பல் பச்சை ஓடிய மணி. ஒரு பவுண்டில் ஏறக்குறைய 18,000 மணிகள்தான் நிற்கும். ரைகிராஸ் விதை சீரகத்தைவிட மெலிசு, பதர் போல லேசு, ஊதினால் பறக்கும். ஒரு பவுண்டில் 2 லட்சத்துக்கு மேல். இந்த இரண்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தவர் பிறகு ஏமாறமாட்டார்.

காலமும் வேறு. பாத்தியை மூட ரைகிராஸ் போடுவதானால் உங்கள் பக்கத்தில் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுவுக்குள் போட்டுவிட வேண்டும். குளிர் இறுகுவதற்குள் அது வேர்பிடித்தாக வேண்டும். விண்டர் ரை அப்படி இல்லை, உறைநிலையை ஒட்டிய குளிரிலும் முளைக்கும். கொலு இறக்கிய கையோடு தக்காளிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, அதே வாரம் ரை போடலாம். அக்டோபர் முழுக்க நேரம் இருக்கிறது. நவம்பர் முதல் வாரத்தில் போட்டும் பிழைத்திருக்கிறது. நாலுக்கு எட்டடிப் பாத்திக்கு நிறைந்த ஒரு கைப்பிடி, 45 கிராம் அளவுக்கு, போதும். ஓர் அங்குலம் மண்ணுக்குள் போகும்படி வாரியால் கிளறிவிடுங்கள். ரைகிராஸ் விதைக்கு அவ்வளவு ஆழம் ஆகாது, கால் அங்குல மண் மூடினால் போதும்.

இப்போது முளைத்து நிற்பதைப் பூக்கவிடாமல் வேரோடு கிளறி எடுங்கள். விதை விழுந்துவிட்டால் அந்தப் பாத்தியில் பல வருஷம் ரைகிராஸ் பிடுங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

சத்துணவுக் கடையில் ரை தானியம் பவுண்டு 2 டாலருக்குக் கிடைக்கிறது. அதையே விதைத்தால் என்ன? — எடிசன், நியூ ஜெர்சி

முளைக்கலாம். ஆனால் சாப்பிட விற்கும் தானியத்துக்கு முளைப்புச் சோதனை கிடையாது, களை விதைக் கணக்கும் கிடையாது. விதைக் கடையில் விதை ரை பெரும்பாலும் இதைவிட மலிவு. விசாரித்தீர்களா?

விண்டர் ரை போட்டேன், அருமையாக வந்தது. மே முதல் வாரம் இடுப்புயரம். மெஷினால் வெட்டிவிட்டு, கிளறி, மறுநாளே முளைக்கீரையும் கேரட்டும் விதைத்தேன். கீரை பத்துச் செடிகூட வரவில்லை. ரை மட்டும் திரும்பத் தழைக்கிறது. — பென்சில்வேனியா

மறுநாளே விதைத்ததுதான் தவறு அம்மா. ரையின் தழையும் வேரும் மட்கும்போது மற்ற விதைகளின் முளையை அடக்கும் பொருள்களை மண்ணில் விடுகின்றன. களை வராமல் காப்பதும் அதே குணம்தான். கீரை, கேரட் போன்ற பொடி விதைகள்தான் முதலில் அடிபடும். அது போதாதென்று, முற்றிய தண்டு மட்கும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும்.

முழங்கால் உயரத்திலேயே மண்வெட்டியால் புரட்டிப் போட்டு, இரண்டு மூன்று வாரம் விட்டு, அதன்பின் கீரை விதையுங்கள். மண்ணைப் புரட்ட உடம்பு இடம் தராதவர்கள் கதிர் வந்து மகரந்தம் உதிரும்வரை பொறுக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அது மே கடைசிவாக்கில் வரும். அப்போது அடியோடு வெட்டினால் திரும்பத் தழைக்காது. வெட்டிய தாளை அப்படியே மூடாக்காகப் பரப்பி, நடுவில் குழி பறித்துத் தக்காளி நாற்று நடலாம். நாற்றை ரை அவ்வளவாக அடக்காது. பூக்குமுன் வெட்டினால் நீங்கள் பார்த்தது போலத்தான், மீண்டும் துளிர்க்கும்.

குளிர்காலத்தில் எங்கள் புல்தரை வைக்கோலாகிவிடுகிறது. தெருவில் நாலு வீட்டில் மட்டும் பச்சையாக இருக்கிறது. அவர்கள் என்ன போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள்? — ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

உங்கள் வாசலில் இருப்பது பெர்முடா. நம் ஊர் அருகம்புல்லேதான். குளிர் வந்தால் அது உறங்கும், சாகாது. பச்சை வேண்டும் என்பவர்கள் அதன் மேல் ரைகிராஸ் தூவுகிறார்கள்.

இரவு வெப்பம் 50-களுக்கு (ஃபாரன்ஹீட்) இறங்கும்போது, டல்லாஸ் பக்கம் செப்டம்பர் நடு முதல் அக்டோபர் நடுவுக்குள் போடுங்கள். பெர்முடாவை ஓர் அங்குலத்துக்கு ஒட்ட வெட்டி, வெட்டியதை வாரி எடுத்து, 1,000 சதுர அடிக்கு 8 முதல் 10 பவுண்டு தூவி, முளைக்கும்வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை லேசாகத் தண்ணீர் காட்டுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் பச்சை தெரியும். ஆனுவல் ரைகிராஸ், அதாவது ஓராண்டுப் புல், மலிவு. வெளிர்பச்சை, வேகமாக வளர்வதால் வாரம் தவறாமல் வெட்ட வேண்டும். பெரென்னியல், அதாவது பல்லாண்டுப் புல், விலை கூட. கரும்பச்சை, மெல்லிய இலை. நிரந்தரம் என்று பெயரைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். டெக்சாஸ் கோடையில் இரண்டும் போய்விடும். ஏப்ரலில் ஒட்ட வெட்டி அருகம்புல்லுக்கு வெயில் விடுங்கள், இல்லாவிட்டால் ரைகிராஸ் அதை நசுக்கிவிடும்.

மதுரையில் மாடித் தோட்டத்துக்கு ஆன்லைனில் ரைகிராஸ் விதை வாங்கலாமா? படம் அழகாக இருக்கிறது.

வேண்டாம். பங்குனி வெயிலைத் தாங்காது. அருகம்புல் பதியன் வாங்குங்கள்.

25 பவுண்டு பை ஒன்று 60 டாலர், இன்னொன்று 90. இரண்டிலும் அதே பெரென்னியல் ரைகிராஸ். மலிவானதில் விதை நீல நிறத்தில் இருக்கிறது. எதை எடுப்பது? — நேபர்வில், இல்லினாய்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீலமாகத் தெரிவது விதை அல்ல, அதன்மேல் பூசிய பூச்சு. பையின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். பின்னால் அச்சடித்த அல்லது மூட்டையில் தைத்த சீட்டைப் படியுங்கள். அமெரிக்காவில் 1939-லிருந்து மத்திய விதைச் சட்டம் இருக்கிறது. எந்த விதை எத்தனை சதவீதம், முளைப்பு எத்தனை, களை விதை எத்தனை, எந்த மாதம் சோதித்தது, எல்லாம் சீட்டில் இருந்தாக வேண்டும்.

உங்கள் மலிவுப் பையின் சீட்டில் பூச்சு 50, விதை 48, முளைப்பு 85 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 48-ல் 85 சதவீதம் என்றால் 40.8. ஆக 25 பவுண்டில் முளைக்கும் விதை 10 பவுண்டு சொச்சம், பவுண்டு 5.88 டாலர் விழுகிறது. பூச்சில்லாத பையில் விதை 98, முளைப்பு 90 என்றால் 22 பவுண்டு முளைக்கும், பவுண்டு 4.08 டாலர்தான். மலிவு என்று எடுக்கும் பைதான் விலை கூடியது. பூச்சு ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும் என்பது உண்மை. அதற்காக அரை மூட்டைப் பூச்சை விதை விலைக்கு வாங்க முடியாது.

நான் கோபப்படக் காரணம் உண்டு. வீடு வாங்கிய முதல் செப்டம்பரில், "வெயிலுக்கும் நிழலுக்கும்" என்று எழுதிய 20 பவுண்டுப் பையை, அதிலிருந்த வீட்டுப் படத்தை நம்பித் தூக்கிவந்தேன். எட்டே நாளில் முளைத்தது, ஊரெல்லாம் போட்டோ அனுப்பினேன். அடுத்த ஆடியில் வாசலில் பாதி இடம் வெறும் மண். அப்புறம்தான் கராஜில் கிடந்த பையைத் திருப்பிப் பார்த்தேன்: ஆனுவல் ரைகிராஸ் 45 சதவீதம். ஓராண்டுப் புல். சீக்கிரம் முளைத்துக் காட்டும் என்பதற்காகவே மலிவுக் கலவைகளில் அதைத் திணிக்கிறார்கள். கென்டக்கி புளூகிராஸ் முளைக்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், அதற்குள் ரைகிராஸ் நிழலில் அது திணறிவிடும். சட்டம் எழுதச் சொன்னதை அவர்கள் எழுதித்தான் இருந்தார்கள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், மடிப்புக்குள். படம் மட்டும் ஒரு முழம்.

இன்னொன்று. இங்கே விற்கும் ரைகிராஸ் விதையில் பெரும்பங்கு ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கில் விளைவது. எந்தக் கம்பெனிப் பையை எடுத்தாலும் ஊர் அதுவாக இருக்கலாம். அதனால் கம்பெனிப் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். சோதனைத் தேதி ஒரு வருஷத்துக்குள், களை விதை அரை சதவீதத்துக்குக் கீழே, வகையின் பெயர் குறிப்பிட்டிருக்க வேண்டும். "வகை குறிப்பிடப்படவில்லை" என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அக்கா, சின்னப் பண்ணை வாங்கி ஆறு ஆடு நிக்குது. புல்தரைக்கு வாங்கின பெரென்னியல் ரைகிராஸ் மிச்சம் கிடக்கு. மேய்ச்சலுக்குப் போடலாமோ? — ஒன்ராறியோ

போடாதீர்கள் தம்பி. புல்தரை ரகங்கள் பலவற்றில் பூச்சியை விரட்டுவதற்காக ஒரு பூஞ்சையை உள்ளேயே வளரவிடுகிறார்கள். புல்தரைக்கு அது நல்லது. அதையே மேய்ந்த ஆடு தலை நடுங்கும், கால் பின்னும், விரட்டினால் விழும். தீவன ரகம், அந்தப் பூஞ்சை இல்லாதது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். இலையுதிர்காலத்துக்கு விண்டர் ரையே இளம் பயிராக மேய நல்லது. மிச்சமிருப்பதை வாசலில் சொட்டை விழுந்த இடத்தில் தூவிவிடுங்கள்.

எனக்கு 68 வயது. மகன் வேலைக்குப் போன நேரம், ரசீது, சிட்டை ஒன்றும் தராமல், "ஐந்து வருஷம் நிற்கும்" என்று சொல்லி ஒருவர் புல் போட்டுவிட்டு 1,900 டாலர் வாங்கிப்போனார். ஒன்பது நாளில் கம்பளம் மாதிரி வந்தது. இந்த ஜூலையில் எல்லாம் செத்துவிட்டது. போன் எடுப்பதில்லை. "உனக்கு ஏன் இந்த வேலை" என்று வீட்டில் திட்டுகிறார்கள். — நியூ ஜெர்சி

முதலில் வீட்டில் திட்டுபவர்களிடம் இதைக் காட்டுங்கள் அம்மா: தப்பு உங்களுடையது அல்ல. ஒன்பது நாளில் முளைத்து ஒரே வருஷத்தில் செத்தது என்றால் அது ஆனுவல் ரைகிராஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விஷயம் தெரிந்தவர் தெரியாதவரிடம் செய்த வேலை.

நியூ ஜெர்சியில் 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தோட்ட வேலையும் அதில் அடங்கும். அவர் மாநில நுகர்வோர் பிரிவில் பதிவு செய்தவரா என்று மகனைப் பார்க்கச் சொல்லி, அங்கேயே புகார் கொடுங்கள். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 5,000 டாலர் வரை வக்கீல் இல்லாமல் நீங்களே கேட்கலாம். மோசடி என்று நிரூபணமானால் இழப்பைப் போல மூன்று மடங்கு தரச் சொல்லவும் மாநிலச் சட்டத்தில் இடமுண்டு. செக் நகல், அவர் அனுப்பிய மெசேஜ், பச்சையாக இருந்தபோது எடுத்த படம், இப்போதைய படம், நான்கையும் ஓர் உறையில் போட்டுவையுங்கள். கராஜ் மூலையில் அவர் விட்டுப்போன காலிப் பை கிடக்கிறதா என்று இன்றே தேடுங்கள். அதிலுள்ள சீட்டைவிடப் பெரிய சாட்சி கிடையாது. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

பையைத் தூக்கிப் போட்டுவிட்டேன், ரசீது இல்லை, எந்தக் கடை என்றும் ஞாபகமில்லை. விதை முளைக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது.

மூன்று வருஷப் பழைய ரைகிராஸ் அரை மூட்டை இருக்கிறது. போடலாமா? — வர்ஜீனியா

எண்ணிப் பார்த்துவிடுங்கள். பேப்பர் டவலை நனைத்துப் பிழிந்து, 100 விதையைப் பத்துப் பத்தாக வரிசை வைத்து, சுருட்டி, ஜிப் பையில் போட்டு அடுப்படி மேடையில் வையுங்கள். ஐந்தாம் நாள் திறந்தால் வெள்ளை வேர் நூல் போலத் தெரியும். பத்தாம் நாள் எண்ணுங்கள். 85-க்கு மேல் என்றால் புது விதை போலவே தூவலாம். 60 என்றால் ஒன்றரை மடங்கு தூவுங்கள். 40-க்குக் கீழே போனால் புதுப் பை வாங்குங்கள், சீட்டைப் படமெடுத்துவிட்டு.