குடும்பப் பழம்பொருட்களை வைத்தால் கண்காட்சி ஆகிவிடுமா?

சேலத்தில் ஒரு கண்காட்சியில் பழைய குடும்பப் படங்களும் பித்தளைப் பாத்திரங்களும்தான் இருந்தன, இதில் கலை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருளில் இல்லை, அதை எதன் பக்கத்தில் வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் உண்டு. அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்: பாட்டியின் அம்மா பெயர், அப்புறம் ஊர்ப் பெயர். அந்த ஊர் இன்று மேட்டூர் அணைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அணை கட்டி முடித்தது 1934இல். நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அந்த நந்தியின் படத்துக்குக் கீழே குடத்தை வைத்துப் பாருங்கள். வீட்டுச் சாமான் சட்டென்று ஊரைவிட்டுக் கிளம்பிய அத்தனை பேருடைய கதையாகிவிடும்.

கலைஞர் விவான் சுந்தரம் குடும்பப் பொருள், ஊர்ப் பொருள் என்று இரண்டு வழியிலும் வேலை செய்தவர். தன் தாத்தா எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று கலந்து, பெரியம்மாவான ஓவியர் அம்ரிதா ஷெர்கிலை மறுபடி நம் முன் நிறுத்தினார். 2012இல் முதல் கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வின் பானை ஓடுகளைப் பரப்பி, பழங்காலத் துறைமுகமான முசிறியை நினைவூட்டினார்.

அடுத்த முறை ஒரு பொருளின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பெயர் வெட்டியிருந்தால் கட்டாயம் படியுங்கள்.