தம்பிக்கு வி.ஆர். கண்ணாடி வாங்கிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது. சில வருடங்களாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். குரல் கேட்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் தன்னையே முறைக்கிறார்கள், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறான். வெளிநாட்டில் வி.ஆர். கண்ணாடி (கணினி உருவாக்கிய உலகத்தைக் கண்முன் காட்டும் கண்ணாடி) போட்டு இதைச் சரிசெய்கிறார்களாமே, ஆன்லைனில் ஒன்று வாங்கிக் கொடுத்தால் பலன் இருக்குமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், அதுவும் உங்கள் தம்பிக்கு இருக்கும் இதே பிரச்சினைக்குத்தான் அந்தச் சிகிச்சையை நன்றாகப் பரிசோதித்திருக்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃப்ரீமன் குழு 'கேம்சேஞ்ச்' என்று ஒரு வி.ஆர். சிகிச்சையை உருவாக்கி, இங்கிலாந்தில் 346 பேரிடம் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டது. கண்ணாடியைப் போட்டதும் தெரு, பஸ், கடை, காபி கடை, டாக்டரின் காத்திருப்பு அறை என்று ஓர் இடம் கண்முன் வரும். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். உள்ளேயே ஒரு பயிற்சியாளர் உருவம் நின்று என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரும். அரை மணி நேர அமர்வுகள், மொத்தம் ஆறு. ஒவ்வொரு அமர்விலும் மனநலப் பணியாளர் ஒருவர் பக்கத்திலேயே இருந்தார்.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். இது பொம்மை உலகம் என்று மூளைக்குத் தெரியும், ஆனாலும் அந்த பஸ்ஸுக்குள் நின்றால் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். அதே சமயம் உண்மையான ஆபத்து எதுவும் இல்லை என்பதால், வெளியே செய்யவே துணியாத ஒன்றை உள்ளே செய்து பார்க்கலாம். பயம் உள்ளவர்கள் வெளியே போனாலும் தலையைக் குனிந்துகொள்வார்கள், காதில் இயர்போன் மாட்டிக்கொள்வார்கள், கதவோரமாகவே நிற்பார்கள். இப்படியெல்லாம் செய்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது, அதனால் பயம் அப்படியே இருந்துவிடுகிறது. சிகிச்சை இதைத்தான் உடைக்கிறது: தலையை நிமிர்த்தி எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள், நீங்கள் பயந்தது நடக்கிறதா என்று கவனியுங்கள் என்கிறது. கண்ணாடி வெறும் இடத்தைத்தான் காட்டுகிறது, குணப்படுத்துவது இந்தச் சோதனைதான். கடையில் வாங்கும் கண்ணாடியில் விளையாட்டுகள் இருக்கும், இது இருக்காது.

சரி, பலன் எவ்வளவு? ஆறு வாரத்தில் வெளியே போகும் பயமும் தவிர்ப்பும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் ஆறு மாதம் கழித்து மொத்தமாகப் பார்த்தபோது அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. தொடக்கத்தில் மிக மோசமாக முடங்கிக் கிடந்தவர்களுக்குத்தான் பலன் நிலைத்தது. நெதர்லாந்தில் 116 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்விலும், 16 அமர்வுகள் வரை சிகிச்சை பெற்றவர்களுக்குச் சந்தேகமும் பதற்றமும் குறைந்தன, ஆனால் சிகிச்சை முடிந்த கையோடு அவர்கள் மற்றவர்களோடு கழிக்கும் நேரம் கூடிவிடவில்லை. எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான்: உள்ளே கற்றதை உடனே வெளியே செய்து பார்க்க ஒரு துணை வேண்டும்.

அந்தத் துணை நீங்களாக இருக்கலாம், அதற்குக் கண்ணாடி தேவையில்லை. முதலில் அவரது மனநல மருத்துவரிடம் பேசிவிட்டு, தம்பியோடு உட்கார்ந்து அவருக்குப் பயமான இடங்களை எளிதிலிருந்து கடினம் வரை எழுதுங்கள். தெருமுனை டீக்கடையில் ஐந்து நிமிடம் நிற்பது, மளிகைக் கடையில் அவரே காசு கொடுத்துச் சாமான் வாங்குவது, கூட்டமில்லாத மதிய நேரத்தில் இரண்டு ஸ்டாப் பஸ்ஸில் போவது என்று போகலாம். கிளம்பும் முன் "என்ன நடக்கும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள், வந்த பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். "யாரும் உன்னைப் பார்க்கலை, சும்மா கற்பனை பண்ணாதே" என்று வாதாட வேண்டாம், அது எடுபடாது. இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். வீட்டில் குறைசொல்லலும் திட்டும் அதிகமாக இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும் என்பது பல நாடுகளில் பார்த்த உண்மை.

இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். வெளியே வராததற்குப் பயம் மட்டும்தான் காரணமா, அல்லது எதிலும் ஆர்வமில்லாமல் போய்விட்டதா, மாத்திரையால் வரும் தூக்கமா? பயம் என்றால்தான் இந்த முறை பொருந்தும்.

பேச்சுப் பழக்கம், வேலைக்கான நேர்காணல் ஆகியவற்றுக்கும் வி.ஆர். பயிற்சிகள் வந்துவிட்டன. கொரியாவில் 91 நோயாளிகளிடம் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், வி.ஆர். பயிற்சி பெற்றவர்கள் உரையாடலிலும் தயங்காமல் பேசுவதிலும் அதிகம் முன்னேறினார்கள். ஆனால் முகபாவம், உடல்மொழி போன்றவற்றில், ஆட்களோடு நடித்துப் பழகிய மற்றக் குழுதான் மேல். மனித முகத்திடம் கற்க வேண்டியதை மனித முகத்திடம்தான் கற்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாளைக்கு ஏதாவது மருத்துவமனை வி.ஆர். சிகிச்சை தருகிறோம் என்றால் தாராளமாகப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் யார் இருப்பார்கள், உள்ளே என்ன செய்யச் சொல்வார்கள், அமர்வுக்கு அப்புறம் வெளியே அழைத்துப் போவார்களா என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்தலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வலிப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். குரல்களும் சந்தேகமும் உச்சத்தில் இருக்கும்போது இதைத் தொடங்கக் கூடாது. தம்பிக்கு முதலில் கண்ணாடியைக் கையில் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்று காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் எங்கே போவது என்று தெரியவில்லை என்றால், உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மறுவாழ்வுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். சென்னை என்றால் 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய, மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.