பயிற்சியில் போலீஸார் முகத்திலேயே பெப்பர் ஸ்ப்ரே அடிப்பது ஏன்?

அமெரிக்காவில் பயிற்சிக்கு வந்த போலீஸார் மீதே பெப்பர் ஸ்ப்ரே, டேசர் (உடம்பில் மின்சாரம் பாய்ச்சும் கருவி) இரண்டையும் பிரயோகிக்கிறார்களே, எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வலி தெரியட்டும் என்பது பாதிக் காரணம்தான். ஸ்ப்ரேயில் இருப்பது மிளகு அல்ல, மிளகாய்ச் சாறு. காற்று திரும்பினால் அடித்தவர் முகத்திலேயே படும். அப்போதும் துப்பாக்கியைப் பறிகொடுக்காமல் எதிராளிக்கு விலங்கு மாட்ட வேண்டும். அதனால்தான் கண் திறக்க முடியாமல், மூக்கு ஒழுக நிற்பவரை அப்படியே அடுத்த வேலைக்கு விரட்டுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்பதால் வெறும் தண்ணீரில் எரிச்சல் சட்டென்று அடங்காது.

டேசர் வேறு மாதிரி. ஒருமுறை அழுத்தினால் 5 விநாடி மின்சாரம் பாயும். உடம்பு கட்டையாக விறைத்துவிடும், கையை ஊன்றக்கூட முடியாது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து மெல்லப் படுக்க வைப்பார்கள். பல இடங்களில் இது கட்டாயமில்லை. அதுதான் சரி, ஏனென்றால் அந்த விறைப்பில் முதுகெலும்பு முறிந்த போலீஸாரும் உண்டு.