கையில் இருக்கும் சேமிப்புக்கு எந்தப் பழைய கார்? ஒரு மாணவரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டிலிருந்து கல்லூரிக்கு 25 கிலோமீட்டர். மாலையில் பகுதி நேர வேலைக்கும் போவதால் பஸ் நேரம் ஒத்துவரவில்லை. சேர்த்து வைத்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்க நினைக்கிறேன். கிட்டத்தட்ட ஒரே விலையில் மூன்று கார்கள் வந்திருக்கின்றன. முதலாவது, 7 வருடம் ஆன சின்ன கார். 60,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பார்க்கப் புதிது போல இருக்கிறது, ஆனால் சர்வீஸ் செய்த ரசீது எதுவும் இல்லை. இரண்டாவது, 11 வருடம் ஆன டொயோட்டா கொரோலா. 1,40,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரே உரிமையாளர், எல்லா ரசீதும் வைத்திருக்கிறார். மூன்றாவது, நண்பரின் அண்ணன் விற்கும் 12 வருட ஜெர்மன் சொகுசு கார். எதை வாங்கலாம்? எனக்குத் தெரிந்த மெக்கானிக் யாரும் இல்லை.

பதில்: இரண்டாவது காரை வாங்குங்கள். ஆனால் உங்களுக்காக ஒரு மெக்கானிக் அதை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்த பிறகுதான் பணம் கை மாற வேண்டும்.

மூன்றில் அதிகம் ஓடிய காரை ஏன் சொல்கிறேன் என்று தோன்றும். கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வருடமும் கிலோமீட்டரும்தான். ஒரு கார் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்பதை அந்த இரண்டும் பாதிதான் சொல்லும். மீதியைச் சொல்வது பராமரிப்பு. 11 வருடத்தில் 1,40,000 என்றால் வருடத்துக்கு 12,700 கிலோமீட்டர் போல வருகிறது. அது சாதாரண ஓட்டம்தான். ஆயிலை நேரத்துக்கு மாற்றிய நல்ல என்ஜினுக்கு அது நடு வயது.

முதல் காரின் 60,000 உண்மையாகவே இருக்கலாம். அதை நிரூபிக்க ஒரு காகிதம்கூட இல்லை என்பதுதான் சிக்கல். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ஓடோமீட்டரைக் குறைத்து வைப்பது இன்றும் நடக்கிறது. டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது. பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங் தோல், ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்பு இந்த மூன்றையும் பாருங்கள். ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்து, இருக்கை விளிம்பு அமுங்கிப் போயிருந்தால் அந்தக் கார் 60,000-ஐ எப்போதோ தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். சில சமயம் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். அதற்கும் காரணம் கேளுங்கள்.

எண் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். குறைவாக ஓடிய கார் எல்லாம் நல்ல கார் இல்லை. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் போய் நிற்கும் காரில் என்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும், ஆயில் சீக்கிரம் கெடும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடிய 1,40,000 கிலோமீட்டர், ஊருக்குள் நின்று நின்று ஓடிய 60,000-ஐ விட என்ஜினுக்குக் குறைந்த பாரமாகவே இருக்கலாம்.

அப்புறம் அந்த ஜெர்மன் கார். ஆசை வருவது எனக்குப் புரிகிறது. அருமையாக ஓடும், கதவு மூடும் சத்தமே தனி. ஆனால் வருடம் ஆக ஆகக் காரின் விலைதான் இறங்கும், அதன் உதிரி பாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. 12 வருடம் கழித்து உங்கள் சேமிப்புக்குள் அந்தக் கார் வருகிறது என்றால், ஒரு சஸ்பென்ஷன் வேலையோ ஒரு மின்னணுப் பெட்டியோ போனால் வரும் பில் இன்னும் புதுக் காரின் அளவிலேயே இருக்கும். டயர் பெரிது, பிரேக் டிஸ்க் பெரிது. படிக்கிற வயதில் ஒரே ஒரு பில் வந்து ஒரு செமஸ்டர் முழுக்கக் கார் வாசலில் நிற்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போய் நிலையான வருமானம் வந்த பிறகு அந்த ஆசையைத் தாராளமாக நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.

எரிபொருளையும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். போக வர 50 கிலோமீட்டர், வாரத்துக்கு 5 நாள், வருடத்தில் 40 வாரம் என்றால் கல்லூரிக்கு மட்டும் 10,000 கிலோமீட்டர் ஆகிவிடும். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் வருடத்துக்கு 700 லிட்டர் கேட்கும். 11 லிட்டர் குடிக்கும் பெரிய கார் 1,100 லிட்டர் கேட்கும். இடையில் இருக்கும் 400 லிட்டரின் விலையை உங்கள் பகுதி நேரச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஷூரன்ஸும் இப்படித்தான். இளம் ஓட்டுநர் என்பதால் பல இடங்களில் உங்களுக்குக் கட்டணம் கூடுதலாக இருக்கும், காரின் சக்தியைப் பொறுத்தும் மாறும். விலை பேசுவதற்கு முன்பே இன்ஷூரன்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சேமிப்பு முழுவதையும் காருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நூறு பங்கு இருந்தால் எழுபத்தைந்து பங்குக்குள் கார் முடியட்டும். மீதி இருபத்தைந்து முதல் ஆறு மாதத்துக்கு. எவ்வளவு நல்ல பழைய கார் வாங்கினாலும் அந்த ஆறு மாதத்தில் டயரோ பேட்டரியோ பிரேக்கோ ஏதாவது ஒன்று உங்களைக் கேட்கத்தான் செய்யும்.

கொரோலாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1966-இல் வந்த பெயர், 2021-க்குள் 5 கோடிக்கு மேல் விற்றாகிவிட்டது. இவ்வளவு கார்கள் சாலையில் இருப்பதால் உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் அதன் கை பழக்கம் இருக்கும். அந்தக் கார் கிடைக்காமல் போனால் ஹோண்டா சிவிக், ஹோண்டா ஜாஸ், டொயோட்டா யாரிஸ், மஸ்டா 3, சுஸுகி ஸ்விஃப்ட் போன்றவற்றில் தேடுங்கள். டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாத சாதாரண பெட்ரோல் என்ஜினும் கையால் மாற்றும் கியரும் உள்ளதாகப் பாருங்கள். பழைய காரில் எளிய அமைப்பு என்றால் கெட்டுப்போக வாய்ப்புள்ள பாகங்கள் குறைவு என்று அர்த்தம். ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கவனிக்காமல் விட்ட கொரோலாவை விட நன்றாகப் பார்த்துக்கொண்ட வேறு எந்தக் காரும் மேல்.

சரி, காரைப் பார்க்கப் போகும்போது என்ன செய்வது? முந்தின நாளே விற்பவரிடம் “நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜினில் தெரியும் ஏதோ ஒன்றை அவர் மறைக்கிறாரா என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த நிலையிலேயே ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள், ஆயில் ஊற்றும் மூடியையும் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் கலந்த காபி போல நுரைத்த படிவு நிறைய இருந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஆயிலில் கலக்கிறது என்று பொருள் கொள்ளலாம். ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போன கார் அப்படித்தான் காட்டும். மூடியில் மட்டும் லேசாக இருந்தால் சின்னச் சின்ன ஓட்டத்தால் வந்த ஈரமாகவும் இருக்கலாம், அதை மெக்கானிக்கிடம் கேளுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் என்ஜின் சூடாக இருக்கும்போது எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்வதற்கு முன் டாஷ்போர்டைப் பாருங்கள். என்ஜின் விளக்கு, ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) விளக்கு எல்லாம் ஒரு முறை எரிய வேண்டும், சில நொடிகளிலோ ஸ்டார்ட் ஆனதுமோ அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு இருக்கிறது. எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம், கோளாறு தெரியாமல் இருக்க விளக்கையே யாராவது துண்டித்திருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் போய்ப் புகையைக் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அளவுக்கு மேல் போகிறது. குளிரில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை வெறும் நீராவி. என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் எரிகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை நிறுத்திவிடுங்கள். மெதுவாகப் போகும்போது நான்காவது கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆளில்லாத நேரான சாலையில் பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, ஸ்டீயரிங் அதிரக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு நீண்ட குறி இருக்கும். அதன் கடைசி 4 இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வயதான டயரின் ரப்பர் இறுகிப் போயிருக்கும். நான்கையும் மாற்ற வேண்டி வந்தால் அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அதன் மின்கம்பிகளுக்குள் துரு மெதுவாக வளரும், ஒரு வருடம் கழித்துத் தொல்லை தொடங்கும். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் தெரிந்துவிடும். இருக்கையின் அடியில் உள்ள தண்டவாளத்திலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துருவைத் தேடுங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். முன்பக்க மட்கார்டு, பானெட் கீல் ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயின்ட் உடைந்திருந்தால் அவற்றை யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

இனி கொரோலாவின் ரசீதுகள். எல்லாவற்றையும் மேசையில் தேதி வரிசையில் பரப்புங்கள். ஒவ்வொரு ரசீதிலும் கிலோமீட்டர் எழுதியிருக்கும், அது ஏறிக்கொண்டே வர வேண்டும். ஆயில் மாற்றிய இடைவெளி சீராக இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. அதையும் செய்திருந்தால் உரிமையாளர் அக்கறையானவர்.

எந்தக் காராக இருந்தாலும் அதில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க டைமிங் பெல்ட் இருக்கிறதா, செயினா என்று அந்த என்ஜினின் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் குறிப்பிட்ட கிலோமீட்டர் அல்லது வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். பல கார்களுக்கு அது 1,00,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு இளைஞர் பளபளவென்று இருந்த காரை வாங்கி மூன்றாவது வாரம் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பெல்ட் அறுந்து, பிஸ்டன் போய் வால்வுகளில் மோதி எல்லாம் வளைந்திருந்தன. அந்த என்ஜின் வேலை, கார் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் ஆனது. பெல்ட் மாற்றிய ஒரு ரசீது இருக்கிறதா என்று யாராவது அவரைக் கேட்கச் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. இன்றும் அவர் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். கார் வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடித்து நேராக்கும் ஈஎஸ்சி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதலும் புதுக் கார்களில் அது கட்டாயம். புதிதாக ஓட்டுகிறவருக்கு அலாய் வீலை விட, தொடுதிரையை விட இதுதான் தேவை. தகாடா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் பிரச்சினையையும் மறக்காதீர்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் உள்ளிருக்கும் வெடிமருந்து கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறியதால், பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. டொயோட்டாவும் ஹோண்டாவும் அதில் உண்டு. காரின் 17 எழுத்து அடையாள எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டால் செய்யாமல் விட்ட திருத்தம் இருக்கிறதா என்று தெரியும், இருந்தால் இலவசமாகவே செய்து தருவார்கள். டாஷ்போர்டிலும் கதவுச் சட்டத்திலும் ஆவணத்திலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

மெக்கானிக் யாரும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய தடை இல்லை. விற்பவர் சொல்லும் பட்டறையைத் தவிர்த்து, பேராசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ பல வருடமாகப் போகும் பட்டறையைக் கேட்டுப் போங்கள். “வாங்குவதற்கு முன் முழுதாகப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று சொல்லி, அதற்கான கூலியைத் தயங்காமல் கொடுங்கள். ஸ்கேனர் போட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முந்தின நாள்தான் யாராவது கோளாறுக் குறிகளை அழித்திருந்தால், காரின் கணினி தன் சுய பரிசோதனைகளை இன்னும் முடிக்கவில்லை என்று ஸ்கேனரில் தெரிந்துவிடும். பட்டறைக்குக் கொண்டுபோக விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மெக்கானிக் எழுதித் தரும் குறைகளை வைத்து விலை பேசுங்கள். கார் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் திரவம் நான்கையும் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பழைய உரிமையாளரின் ரசீதுக் கட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.